சிறுவர் சாக்ஷியம்

நமது நியாயஸ்தலங்களில் ஏழு வயதுப் பிள்ளையும் சாக்ஷிக் கூண்டில் ஏறலாம். இது நேயர்களில் சிலருக்கு ஆச்சரியமாயிருக்கக் கூடும். 1872-ம் வருஷத்து இந்திய சாக்ஷியச் சட்டத்தின் 118-வது ஷரத்து சாக்ஷிக்குக் குறைந்தபட்ச வயது எதையும் விதிக்கவில்லை. கேட்கப்படும் கேள்வியை அறிந்து, அதற்குப் பொருத்தமான விடை சொல்லச் சக்தியுள்ள எவரும் சாக்ஷி சொல்லத் தகுந்தவரே என்பது அதன் சாரம். அந்தச் சட்டத்தின் ஸ்தானத்தில் 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டமும் இவ்விஷயத்தில் பழைய வழியிலேயே நிற்கிறது. பிரமாணத்தின் தன்மை விளங்காத, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பிரமாணமின்றியே விசாரிக்கலாம் என்று 1969-ம் வருஷத்துப் பிரமாணச் சட்டம் இடங்கொடுக்கிறது. சிறுவர் சொல்லை எச்சரிக்கையோடு நிறுத்துப் பார்க்க வேண்டும், பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பாடமா என்று சோதிக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஓயாமல் கூறி வருகிறார்கள். எச்சரிக்கையோடு கேள் என்பது வேறு. கேட்கவே வேண்டாம் என்பது வேறு.

ஓர் ஆட்டுத் திருட்டு வழக்கில் சிறுவனுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, லக்ஷோபலக்ஷம் ஜனங்கள் மாண்ட யுத்தத்தின் விசாரணையில் அவனுக்குக் கிடைப்பதில்லை. சரித்திர ஆசிரியர்கள் காட்டும் யுத்தத்தில் சேனாதிபதிகள் இருக்கிறார்கள், மந்திரிகள் இருக்கிறார்கள், டாங்கிகளும் ஆகாய விமானங்களும் தொகை தவறாமல் இருக்கின்றன. குழந்தைகளோ மாண்டவர் ஜாபிதாவில் ஓர் இலக்கமாக வந்து மறைகிறார்கள். மாளாமல் தப்பிய குழந்தைக்கு அந்த இலக்கங்கூட இல்லை. அது வளர்கிறது, தொழில் செய்கிறது, முதுமை எய்துகிறது. அது கண்டது என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் சிலர் உண்டு. அவர்களைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

பெலாரஸ் என்று இன்று வழங்கும் வெள்ளை ருஷ்யா தேசத்தின் மீது 1941-ம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி ஜெர்மானியர் படையெடுத்தனர். மூன்று வருஷ ஆக்கிரமிப்பு முடிந்தபோது, அந்நாட்டு ஜனங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் மாண்டிருந்தனர் என்பது அந்தத் தேசத்தார் கூறும் கணக்கு. அங்கே வளர்ந்தவர் ஸ்வெத்லானா அலெக்ஸீவிச் என்ற அம்மையார். 1948-ல் பிறந்தவராதலால் யுத்தத்தைக் கண்ணால் காணாதவர். பத்திரிகைத் தொழில் புரிந்தவர். யுத்த காலத்தில் பாலராயிருந்து, பின்பு நடுவயது எய்தியிருந்தவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் வாய்மொழியைக் கேட்டு, 1985-ல் ‘கடைசிச் சாக்ஷிகள்’ என்ற நூலை அவர் பிரசுரித்தார். 2015-ல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. கவியும் நாவலும் எழுதாமல், பிறர் சொன்னதைக் கேட்டு எழுதிய பத்திரிகைக்காரர் ஒருவருக்கு அப்பரிசு சென்றது என்பதில் எங்கள் தொழிலைச் சேர்ந்தோர் சிறிது கர்வங் கொண்டால் நேயர்கள் பொறுத்தருள வேண்டும். அம்மையாருக்கு முன்பே அலெஸ் ஆதமோவிச் என்னும் ஆசிரியர், இரு நண்பர்களுடன், எரிக்கப்பட்ட கிராமங்களில் உயிர் தப்பியவர்களின் குரலை ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்து 1975-ல் நூலாக்கினார். அவரையே தமது குரு என்று அம்மையார் கூறுகிறார்.

அந்த நூலின் அமைப்பைக் கண்டவுடன் வக்கீல் தொழில் பழகிய எவருக்கும் ஒரு காகிதம் நினைவுக்கு வரும். ஒவ்வொருவர் கூற்றுக்கும் தலைப்பில் மூன்றே விவரங்கள்: பெயர், வயது, தொழில். நமது கோர்ட்டுகளில் சாக்ஷியின் வாக்குமூலத் தாளும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். தொழில் என்ற இடத்தில் இன்றைய தொழில். வயது என்ற இடத்தில் யுத்த காலத்து வயது. ‘ஆறு வயது, இப்போது ஆலைத் தொழிலாளி’ என்றால், பேசும் நாக்கு நாற்பத்தைந்து வயது ஸ்திரீயினுடையது, கண்ட கண் ஆறு வயதுக் குழந்தையுடையது. இந்த ஒரு வரி செய்யும் வேலையை ஒரு நீண்ட முகவுரை செய்திருக்காது.

அச்சாக்ஷிகளின் கூற்றில் படைப்பிரிவின் எண் இல்லை. போர்முனை எங்கே இருந்தது என்ற விவரம் இல்லை. யுத்தம் கோடை விடுமுறையில் வந்தது. பிள்ளைகள் பலர் பெற்றோரை விட்டுப் பாலர் முகாம்களில் இருந்தனர்; குண்டு அங்கே விழுந்தது. சிலர் அதன் பிறகு தாய் தந்தையரைக் காணவில்லை. பெரியவர்கள் தேதியால் நினைவு கூர்வதை இவர்கள் பொருளால் நினைவு கூர்கிறார்கள்: ஒரு பொம்மை, ஒரு ஜதை செருப்பு, வீட்டுப் பூனை, ரொட்டியின் வாசனை. அழக்கூடாது என்று தாய் சொன்னதால் அழாமலிருந்த பிள்ளைகள், பிற்பாடு அழுவதற்கே மறந்து போயினர். அநாதை விடுதிகளில் வசந்த காலத்தில் முளைத்த புல்லையும் தளிரையும் தின்று தீர்த்தனர். விடுதிக்கு யாராவது ஒரு ஸ்திரீ வந்தால் தன் தாய்தானோ என்று முகத்தைப் பார்த்தனர். ஐம்பது வயதைக் கடந்து, தாமே பிள்ளைகளைப் பெற்ற பின்னும் தமக்குத் தாய் வேண்டும் என்று கூறுகிறார் ஒருவர். இதைப் படித்துவிட்டு உடனே அடுத்த பக்கத்தைத் திருப்ப நம்மால் இயலவில்லை.

லெனின்கிராட் முற்றுகையின் சரித்திரத்தைப் பாருங்கள். 1941-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி முதல் 1944 ஜனவரி 27-ந் தேதி வரை அந்நகரம் முற்றுகையில் இருந்தது. 1941 நவம்பர் 20-ந் தேதி முதல் டிசம்பர் 25-ந் தேதி வரை குழந்தைக்கு நாளொன்றுக்கு ரொட்டி 125 கிராம்; நமது பழைய எடையில் ஏறக்குறைய மூன்றரைப் பலம். இந்த இலக்கம் எல்லா நூல்களிலும் இருக்கிறது; சரியான இலக்கமே. ஆனால் அந்த மூன்றரைப் பலத்தைத் தாய் எப்படிப் பங்கிட்டாள், தன் பங்கை யாருக்குக் கொடுத்தாள், தச்சுப் பசையையும் தோல் வாரையும் கொதிக்க வைத்து எப்படிக் குடித்தார்கள் என்பதைச் சர்க்கார் தஸ்தாவேஜு சொல்லாது. அந்த மேஜையருகில் உட்கார்ந்திருந்த குழந்தையே சொல்ல வேண்டும்.

சர்க்கார்கள் இத்தகைய சாக்ஷிகளை விரும்புவதில்லை என்பதையும் கூற வேண்டும். வெள்ளை ருஷ்யாவில் காட்டின் என்று ஒரு சிற்றூர். 1943-ம் வருஷம் மார்ச் 22-ந் தேதி அவ்வூர் ஜனங்களை ஒரு களஞ்சியத்தில் அடைத்துத் தீ வைத்தார்கள். வெளியே ஓடி வந்தவர்களைச் சுட்டார்கள். மாண்டவர் 149 பேர்; அவர்களில் 75 பேர் குழந்தைகள். 1969-ல் சோவியத் சர்க்கார் அங்கே ஒரு பெரிய ஞாபகச் சின்னம் எழுப்பிற்று. இறந்த மகனைக் கையில் ஏந்திய கிழவனின் சிலை அதன் நடுவே நிற்கிறது. எரிந்து, மீண்டும் குடியேறாமற்போன 186 கிராமங்களின் நினைவும் அங்கே இருக்கிறது. உலகத்தார் வந்து வணங்கிப் போகிறார்கள்.

ஆனால் தீ வைத்தவர்கள் யார்? ஜெர்மானியர் மட்டுமல்லர். ஜெர்மானியரின் கீழ் ஊழியம் புரிந்த 118-வது காவற் பட்டாளத்தில் சோவியத் பிரஜைகளாயிருந்தவர்களே மிகுதி. அப்பட்டாளத்தின் அதிகாரி ஒருவன் யுத்தத்துக்குப் பின் சோவியத் நாட்டிலேயே வெகு காலம் மதிப்பாக வாழ்ந்திருந்தான். 1986-ல் மின்ஸ்க் நகரில் அவன் மீது விசாரணை நடந்து, மரண தண்டனை நிறைவேறிற்று. அந்த விசாரணையைப் பத்திரிகைகளில் விளம்பரப்படுத்தாமல் அடக்கி வைத்தார்கள். காட்டினில் உயிர் தப்பியவர்களில் சிறுவரே மிகுதி, பெரியவர் ஒருவரே. சிலை அந்தப் பெரியவருடையது. சிலைக்கு ஆயிரம் பூமாலைகள் போட்ட அதிகாரிகள், சாக்ஷியம் தங்களுக்கு அசௌகரியமான இடத்துக்கு வந்ததும் கதவைச் சாத்தினார்கள். சுதேச அபிமானம் நமக்கும் உண்டு; அதைச் சொல்லியே இப்பத்திரிகையை நடத்துகிறோம். ஆனால் ஒரு தேசம் தன் குழந்தைகள் கண்டதில் பாதியை மட்டும் கேட்டுக் கொள்வேன் என்றால், அதற்குப் பெயர் அபிமானமல்ல.

இனி ஆக்ஷேபங்களுக்கு வருவோம். நாற்பது வருஷங்களுக்குப் பின் கூறப்படும் குழந்தைப் பருவ நினைவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? படித்ததும், சினிமாவில் கண்டதும், மற்றவர் சொன்னதும் அதில் கலந்திராவா? இன்னொரு ஆக்ஷேபம் நூலாசிரியர் மீது. அலெக்ஸீவிச் அம்மையார் தம் கேள்விகளை நூலில் காட்டுவதில்லை. ஒரே சாக்ஷியின் வார்த்தை ஒரு பதிப்பில் ஒருவிதமாகவும் மறு பதிப்பில் வேறு விதமாகவும் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர் சிலர் ஒப்பிட்டுக் காட்டியிருக்கின்றனர். ஆப்கானிஸ்தான யுத்தத்தைப் பற்றி அவர் எழுதிய வேறொரு நூல் சம்பந்தமாக, தாங்கள் சொன்னதைத் திரித்து விட்டார் என்று சாக்ஷிகள் சிலரே 1992-ல் மின்ஸ்க் கோர்ட்டில் அவர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அவ்வழக்கில் அரசியல் கலந்திருந்தது என்று அவருடைய நண்பர்கள் கூறுகிறார்கள், இருக்கலாம்.

இந்த ஆக்ஷேபங்களை நாம் லேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. நமது கோர்ட்டுகளிலும் சாக்ஷியின் விடைகளை நீதிபதி ஒரே தொடர்ச்சியான கூற்றாக எழுதிக் கொள்வதுதான் வழக்கம். கேள்விகள் மறைந்து போகும். ஆனால் அங்கே எதிர்க்கட்சி வக்கீல் இருக்கிறார், குறுக்கு விசாரணை இருக்கிறது, எழுதியதைச் சாக்ஷிக்குப் படித்துக் காட்டும் விதி இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்பவருக்கு இவற்றில் ஒன்றுமில்லை. ஆகவே அவர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக் கொள்ளும் விதிகளை ஏற்படுத்திக் கொள்வது அவசியம்.

அப்படி ஏற்படுத்திக் கொண்டவர்களும் இருந்தார்கள். போலந்து தேசத்தில் ஹிட்லரின் கொலைக் கூடங்களுக்குத் தப்பிய யூதர்கள், யுத்தம் முடிவதற்கு முன்பே, 1944-ல், லுப்லின் நகரில் ஒரு சரித்திரக் கமிஷனை அமைத்தார்கள். உணவுக்கும் உடைக்கும் வழியில்லாத அந்த வேளையில் அவர்கள் முதலில் தேடியவற்றுள் காகிதமும் எழுதுகோலும் உண்டு என்பதை நினைக்கும்தோறும் நமக்கு வியப்பு அடங்குவதில்லை. பிலிப் ஃப்ரீட்மன் என்ற சரித்திர ஆசிரியர் தலைமை வகித்தார். சில வருஷங்களுக்குள் ஆயிரக்கணக்கான வாக்குமூலங்களைச் சேகரித்தார்கள். குழந்தைகளை விசாரிப்பதற்கென்றே தனிக் குறிப்புகளை 1945-ல் தயாரித்தார்கள். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த கூற்றுகள் 1947-ல் கிராக்கோவில் ‘குழந்தைகள் குற்றஞ்சாட்டுகின்றனர்’ என்ற பெயரால் நூலாக வெளிவந்தன. நிலவறையில் ஒளிந்திருந்தவர்கள், பிறமதப் பெயர் பூண்டு பிழைத்தவர்கள், காட்டில் அலைந்தவர்கள் எனப் பலவகைப் பிள்ளைகள் அதில் பேசுகிறார்கள். இங்கே நாற்பது வருஷம் இடையில் இல்லை, காயம் ஆறவேயில்லை. நூல் தேர்ந்தெடுத்தது என்றாலும், மூல வாக்குமூலங்கள் இன்றும் வார்ஸாவில் யூத சரித்திர ஸ்தாபனத்தில் இருக்கின்றன. சந்தேகமுள்ளவர் போய் ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

1946-ல் சிகாகோவிலிருந்து டேவிட் போடர் என்ற மனோதத்துவப் பேராசிரியர், உலோகக் கம்பியில் குரலைப் பதிக்கும் கருவியைத் தூக்கிக் கொண்டு ஐரோப்பாவுக்கு வந்தார். வீடிழந்தோர் முகாம்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை, அவரவர் பாஷையிலேயே பேசச் செய்தார். அவர்களில் இளவயதினரும் இருந்தனர். அந்தக் கம்பியில் விடை மட்டுமல்ல, கேள்வியும் இருக்கிறது. பேராசிரியர் எங்கே அவசரப்பட்டார், எங்கே புரியாமல் திரும்பக் கேட்டார் என்பதும் காதில் விழுகிறது. அவர் தம்மையும் விசாரணைக்கு உட்படுத்திக் கொண்டார் என்றே நாம் இதைக் கருதுகிறோம்.

நினைவுப் பிசகைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை தேதியைத் தவறாகச் சொல்லும். தூரத்தைத் தவறாகச் சொல்லும். ஐந்து பேரை ஐம்பது பேர் என்னும். இவற்றைக் குழந்தையிடம் கேட்பவனே தவறு செய்கிறான். தேதிக்கும் தூரத்துக்கும் தஸ்தாவேஜு இருக்கிறது. தஸ்தாவேஜில் இல்லாததற்கே சாக்ஷி வேண்டும்.

இவையெல்லாம் எங்கோ பனி நாட்டு விஷயம் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். அதே யுத்தத்தில் நம்மவர் குழந்தைகளும் சிக்கினர். ரங்கூன் நகர ஜனத்தொகையில் 1931-ம் வருஷக் கணக்கின்படி பாதிக்கு மேற்பட்டவர் இந்தியர்; தமிழர்கள் அவர்களில் திரளாயிருந்தார்கள். 1941-ம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் அந்நகரின் மீது குண்டு போட்டன. அடுத்த மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பல் கிடைத்தவர் கப்பலில் வந்தனர். கிடைக்காத லக்ஷக்கணக்கானோர் நடந்தார்கள். டாங்கப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்குச் சிலர். டாமு வழியாக மணிப்பூருக்குச் சிலர். மழை பிடித்த பின் ஹூக்காங் பள்ளத்தாக்கின் சேற்றில் அஸ்ஸாமுக்குச் சிலர். வாந்திபேதியும் மலேரியாவும் வழிநெடுக இருந்தன. வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று பாரபட்சம் நடந்ததை 1942-ல் அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கண்டித்தது.

வழியில் மாண்டவர் பத்தாயிரம் என்பாரும் உளர். ஐம்பதாயிரம் என்பாரும், அதற்கு மேல் என்பாரும் உளர். ஓர் ஏகாதிபத்தியத்தின் பிரஜைகள் மாண்ட கணக்கில் பத்துக்கும் ஐம்பதுக்கும் இடையே நாற்பதாயிரம் உயிர்கள் தடுமாறுகின்றன. பிரிட்டிஷ் ஆட்சியின் கணக்குப் புலமையை மெச்சுவோர் இதையும் சேர்த்து மெச்சலாம். ஹ்யூ டிங்கர் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் 1975-ல் இந்த யாத்திரையைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு, மறக்கப்பட்ட நெடுநடை என்றே பெயர் வைத்தார்.

நம்மவர் எழுதியது உண்டா? உண்டு. ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மா அவர்கள், தாம் நடந்து வந்த விருத்தாந்தத்தை எழுதி வைத்துச் சென்றார். தமிழுக்கு அது பெரும் பேறு. ஆனால் சர்மா அவர்கள் நாற்பதைக் கடந்த அறிஞர். பாதையைப் பார்த்துக் கொண்டே உலக அரசியலையும் பார்த்தவர். தகப்பன் தோளிலிருந்து இறக்கி விடப்பட்ட ஆறு வயதுப் பெண் என்ன பார்த்தாள்? பாட்டியை மரத்தடியில் விட்டுவிட்டு நடந்தபோது அவளுக்கு என்ன சொன்னார்கள்? அவள் அதை நம்பினாளா? வாந்திபேதி கண்ட தம்பியைப் பற்றி ஊர் வந்து சேர்ந்த பின் வீட்டில் பேசினார்களா, அல்லது அந்தப் பெயரையே விட்டுவிட்டார்களா? இக்கேள்விகளைக் கேட்க நம்மிடம் ஒரு கமிஷனும் இருக்கவில்லை. ஓர் ஆதமோவிச்சும் புறப்படவில்லை. சுதந்திரம் வந்த பின்பும் நமது சர்க்கார்கள் கேட்கவில்லை, சர்வகலாசாலைகள் கேட்கவில்லை. பத்திரிகைகளும் கேட்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறோம்.

சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள் விஷயமும் இதுவே. 415 கிலோ மீட்டர் பாதை அது. 1943 அக்டோபரில் முடிந்தது. காஞ்சனபுரியின் பெரிய மயானத்தில் நேச நாட்டுச் சிப்பாய்களுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசை தவறாமல் நிற்கின்றன. கூலிகளுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. தகப்பன் திரும்பவில்லை என்பதற்குத் தோட்டத்து லயத்தில் காத்திருந்த பிள்ளையே ருசு.

1942-ல் ஆறு வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறை ஒட்டியிருக்கிறார். பத்து வயதாயிருந்தவர் தொண்ணூறைக் கடந்துவிட்டார். செட்டிநாட்டிலும், ராமநாதபுரம், தஞ்சை ஜில்லாக்களின் கிராமங்களிலும், சென்னையில் பர்மாவிலிருந்து வந்தோர் குடியேறிய பேட்டைகளிலும் ஒருவர் இருவர் இருக்கலாம். 1942-ல் அகதிகள் எல்லை கடந்த டாமுவுக்கு எதிரே, மணிப்பூரின் மோரே என்ற ஊரில், 1960-களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் கோவில் கட்டி வாழ்கிறார்கள், அங்கும் விசாரிக்கலாம். வழக்கில் முக்கிய சாக்ஷி படுக்கையிலிருந்தால், கோர்ட்டாரே கமிஷனரை அனுப்பி வாக்குமூலம் வாங்குவார்கள். தவணை கேட்பதற்கு இது காலமல்ல.

இலங்கையில் 2009-ம் வருஷம் மே மாதம் முடிந்த யுத்தத்தில் பத்து வயதாயிருந்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று இருபத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்பதற்கு நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வேறொரு ஜாக்கிரதை வேண்டும். சாக்ஷி சொன்னதால் சாக்ஷிக்கு ஆபத்து வரக்கூடாது. பெயரை முத்திரையிட்டுத் தனியே வைத்துவிட்டு, கூற்றை மட்டும் வெளியிடுவது எவ்விதத்திலும் குறைவான சாக்ஷியமல்ல.

செய்ய வேண்டியதற்குப் பெரிய மூலதனம் வேண்டாம். இன்று சட்டைப் பையிலிருக்கும் டெலிபோனே போடர் சுமந்து திரிந்த கருவியைவிட நன்றாகக் குரலைப் பிடிக்கும். கலாசாலை மாணவர் இருவர் சேர்ந்து போகலாம். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் எழுதட்டும். கேள்வியையும் சேர்த்துப் பதிவு செய்க. பேரனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து, ‘அப்படியில்லை பாட்டி, இப்படி’ என்று திருத்தினால் அதையும் எழுதிக் கொள்க. பாட்டி சொன்னதை அடிக்க வேண்டாம். வட்டார வழக்கைச் செந்தமிழாக்கும் ஆசையை அடக்கிக் கொள்க. அழுதால் நிறுத்துக, மறுநாள் போகலாம். எழுதியதைப் படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, ஒரு பிரதி அவர்கள் வீட்டிலும் ஒரு பிரதி ஜில்லா நூல்நிலையத்திலும் இருக்கச் செய்க. நமது காரியாலயத்துக்கு வரும் பிரதிகளைத் திருத்தாமல் பாதுகாப்போம்.

தாளின் தலைப்பில் மூன்று விவரங்கள் போதும்: பெயர், வயது, தொழில். வயது என்ற இடத்தில் தொண்ணூறு என்று எழுத வேண்டாம். ரங்கூனை விட்டுப் புறப்பட்ட அன்று எத்தனையோ, அதை எழுதுக.